அண்ணத்தில் சாவி, பில்லில் லேசர்

ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் என் தங்கை வீட்டில் இரண்டு வாரமாக இரவு எட்டரை மணிக்கு ஒரு சடங்கு நடந்தது. ஒன்பது வயது மகளைப் பாயில் படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொள்வாள். மாப்பிள்ளை செல்போன் டார்ச்சைப் பிடிப்பார். குழந்தை வாயைத் திறந்தால் மேல் அண்ணத்தின் நடுவில் சிலந்தி கால் பரப்பியதுபோல ஒரு கம்பி எக்ஸ்பேண்டர். அதன் வயிற்றில் ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. சாவியை அதில் நுழைத்து, முன்பல் பக்கமிருந்து தொண்டைப் பக்கம், அம்புக்குறி காட்டும் திசையில் தள்ள வேண்டும். அடுத்த துளை முழுசாகத் தெரியும்வரை தள்ள வேண்டும். பாதியில் விட்டால் மறுநாள் காலையில் சாவி நுழையாது. சாவியில் ஒரு நூல், நூலின் மறுமுனை தங்கையின் விரலில். கை நழுவினாலும் சாவி தொண்டைக்குள் போகாது.

அதுவரை அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரியாதது பில்.

"ண்ணா, ஸ்க்ரூ இன்னா பண்ணுதுன்னு தெரியுது. இங்க பாரேன், லேசர்னு எட்டு தடவை போட்டிருக்காங்க. அது இன்னாத்துக்கு?"

திருப்பதியில் ஒரு தனியார் பல் மருத்துவமனை. எக்ஸ்பேண்டருக்கு ஒரு தொகை. அதற்குக் கீழே 'எல்.எல்.எல்.டி., 8 சிட்டிங்' என்று ஒரு வரி, அதாவது குறை சக்தி லேசர் சிகிச்சை. அந்த ஒரு வரிக்கான தொகை எக்ஸ்பேண்டர் தொகையில் பாதிக்கு மேல். யாரும் அவளை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கவில்லை. தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து அச்சடித்த ஒரு தாளை நீட்டி, "இக்கட சந்தகம் பெட்டண்டி" (இங்கே கையெழுத்துப் போடுங்கள்) என்றார்கள். சந்தையில் பேசும் அளவுக்குத் தெலுங்கு தெரிந்த, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் தங்கை போட்டுவிட்டாள். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இப்படிக் கையெழுத்துப் போடாத ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஸ்க்ரூ. மேல் தாடை பிறக்கும்போது ஒரே எலும்பு இல்லை. இடது, வலது என்று இரண்டு பாதிகள், அண்ணத்தின் நடுக்கோட்டில் தையல் போட்டதுபோலச் சேர்ந்திருக்கும். சில குழந்தைகளுக்கு இந்த மேல் தாடை குறுகலாக இருக்கும். வாயை மூடினால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு வெளியே விழுவதற்குப் பதிலாக உள்ளே விழும். கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் நழுவும். அப்படியே வளர்ந்தால் முகமும் கோணலாக வளரக்கூடும். சிறு வயதில் அந்த நடுத்தையல் இறுகாமல் இருக்கும்போது, ஸ்க்ரூவை ஒரு திருப்பு திருப்பினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று திருப்பினால் நாளுக்கு அரை மில்லிமீட்டர். இரண்டு மூன்று வாரத்தில் தையல் பிரிந்து அண்ணம் அகலமாகிவிடும்.

இது புது வித்தை இல்லை. 1860இல் அமெரிக்காவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு பதினாலு வயதுப் பெண்ணின் அண்ணத்தில் ஸ்க்ரூ வைத்துத் திருப்பி, இரண்டு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததைக் காட்டினார். தாடை எலும்பு பிரிந்தது என்று அவர் சொன்னதை அன்றைய சக மருத்துவர்கள் நம்பவில்லை. நூறு வருஷம் கழித்து, 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் அதை மறுபடி எடுத்து நிறுவிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

முன்பற்கள் நடுவே விழும் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பாட்டிகள் அலறுவார்கள். எங்கள் அம்மாவும் அலறினாள். "நல்லா இருந்த பல்லுல சந்து விழுந்துடுச்சே!" அந்தச் சந்துதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். சில மாதங்களில் அது பெரும்பாலும் தானாகவே நெருங்கிவிடும். திருப்பியவுடன் மூக்கின் அடியிலும் கண்களுக்கு நடுவிலும் ஓர் அழுத்தம், சில நிமிஷம் வலி, பேச்சில் கொஞ்சம் குழறல், எச்சில் அதிகம் ஊறுவது, இவையெல்லாம் முதல் வாரத்துச் சங்கதிகள். கம்பிக்கடியில் சோறு மாட்டி ஈறு வீங்குவதும் பல் சொத்தையாவதும்தான் உண்மையில் கவனிக்க வேண்டிய ஆபத்து. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் கொப்பளித்து பிரஷ் பண்ணாத குழந்தைக்கு எவ்வளவு விலை உயர்ந்த எக்ஸ்பேண்டர் போட்டும் பிரயோசனமில்லை.

வயது இங்கே முக்கியம். பதினைந்து பதினாறுக்கு மேல் அந்தத் தையல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இறுகிய பிறகு வெறும் பல்லைப் பிடித்து ஸ்க்ரூ திருப்பினால் எலும்பு பிரியாமல் பற்கள் வெளிப்பக்கம் சாயும், வலியும் கூடும். அதனால் பெரிய பிள்ளைகளுக்கு எலும்பில் சின்ன ஆணி பதித்தோ அறுவை சிகிச்சை செய்தோதான் விரிக்க வேண்டிவரும்.

விரித்த பிறகு என்ன? இங்கேதான் லேசர் கதை தொடங்குகிறது. பிரிந்த இரண்டு பாதிகளுக்கு நடுவே பள்ளம் இருக்கிறது. அதில் புது எலும்பு நிரம்ப வேண்டும். அதுவரை ஸ்க்ரூவைப் பூட்டி, கம்பியை அப்படியே விட்டுவிடுவார்கள். வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எலும்பு கூடுமுன் கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். எக்ஸ்பேண்டரை அவசரப்பட்டுக் கழற்றினால் அண்ணம் பழையபடி நெருங்கிவிடும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியுமா என்பதுதான் லேசர் ஆய்வுகள் கேட்கும் கேள்வி. இந்த லேசர் வெட்டுகிற லேசர் இல்லை. சூடு தெரியாத அளவுக்குக் குறைந்த சக்தி. 1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் முடி மழித்த எலிகள் மேல் இப்படிப்பட்ட ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் இந்தத் துறை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை வாங்கிக்கொண்டு கூடுதல் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1997இல் ஜப்பானில் சைட்டோ, ஷிமிசு இருவரும் எலிகளின் அண்ணத்தை விரித்து லேசர் பாய்ச்சிப் பார்த்து, எலும்பு விரைவாக நிரம்புவதாக எழுதினார்கள். 2012இல் பிரேசிலில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுள்ள 27 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். லேசர் வாங்கிய குழந்தைகளின் எக்ஸ்ரேயில் நடுத்தையல் பகுதி அடர்த்தியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் இதேபோல் சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தபடி இருக்கின்றன.

ஆக, இது ஊதிப் பெருக்கிய பொய் இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் வாய் முழுக்கப் புண்ணாகும் நோயாளிகளுக்குக் குறை சக்தி லேசர் உதவும் என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. ஆனால் வாய்ப்புண்ணுக்கு நிரூபணமானது அண்ண எலும்புக்கும் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அண்ணம் விரிக்கும் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று ஓட்டைகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, இருபது முப்பது குழந்தைகளுக்கு மேல் போகாத சின்ன ஆய்வுகளே அதிகம். இரண்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு அலைநீளம், ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு நாள் கணக்கு. இந்த ஒளிக்கும் மருந்துபோல அளவு உண்டு. குறைந்தால் பலனில்லை, கூடினால் எதிர்விளைவு. மூன்றாவதுதான் பெரிது. எக்ஸ்ரேயில் வெள்ளை கூடியதை அளந்தார்கள். லேசர் போட்ட குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்றே மாதத்தில் கம்பியைக் கழற்றி, இரண்டு வருஷம் கழித்தும் அண்ணம் அகலமாகவே இருக்கிறது என்று காட்டினால்தான் பெற்றோருக்கு அது செய்தி. அந்தக் கேள்விக்கு உறுதியான பதில் இன்னும் வரவில்லை. வலி விஷயத்திலும் அப்படித்தான். சில ஆய்வுகளில் வலி கொஞ்சம் குறைந்ததாக வந்திருக்கிறது. ஆனால் ஸ்க்ரூ வலி முதல் வாரத்தோடு தானாகவே அடங்கிவிடும் ஒன்று.

தங்கைக்கு நான் ஒரே வரியில் சொன்னேன். ஸ்க்ரூதான் அண்ணத்தை விரிக்கும், லேசர் விரிக்காது. லேசர் இல்லாமலும் சிகிச்சை முழுசாக நடக்கும்.

லேசரால் ஆபத்து உண்டா? சரியாகப் பயன்படுத்தினால் பெரிய பக்கவிளைவு பதிவானதில்லை. ஆனால் 'சரியாக' என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 800 முதல் 980 நானோமீட்டர் அளவில் ஒளி விடுபவை, கண்ணுக்குத் தெரியாத ஒளி. முனையில் சின்னதாகச் சிவப்பு ஒளி தெரிகிறதே, அது வழிகாட்ட மட்டும்தான். உண்மையான கதிர் கண்ணுக்குத் தெரியாமலே கண்ணுக்குள் போய் விழித்திரையைப் பாதிக்கக்கூடியது. அண்ணத்தைப் பார்த்துப் பிடித்த கதிர் கண்ணுக்கு எங்கே வரப்போகிறது என்று தோன்றலாம். வாய்க்குள் எக்ஸ்பேண்டர் கம்பியும் பல் கண்ணாடியும் பளபளவென்று இருக்கின்றன, பட்டுத் திரும்பும். அதனால் குழந்தைக்கும், மருத்துவருக்கும், பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும் அந்த அலைநீளத்துக்கு என்றே செய்த கண்ணாடி போட வேண்டும். கறுப்புக் கூலிங் கிளாஸ் உதவாது. கருவியில் முக்கோண மஞ்சள் எச்சரிக்கை ஒட்டியிருக்கும், அதில் 3பி அல்லது 4 என்ற வகை எண் இருக்கும். பல இடங்களில் ஈறு வெட்டுவதற்கு வைத்திருக்கும் அதே டயோடு லேசரை, முனையை மாற்றி, சக்தியைக் குறைத்து இதற்கும் பயன்படுத்துவார்கள். அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் சக்தி எண்ணைத் தப்பாக வைத்தால் சுடும்.

இன்னொன்று ஸ்கேன். லேசர் வேலை செய்கிறதா என்று பார்க்க மாதாமாதம் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பதாகச் சொன்னால், அது குழந்தையின் சிகிச்சைக்கா, லேசரை அளக்கவா என்று கேட்க வேண்டும். ஸ்கேன் கதிர்வீச்சு. தேவையில்லாமல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாத ஒன்று.

சரி, உரிமைக்கு வருவோம். லேசர் குழந்தையின் வாய்க்குள் மூன்று வழிகளில் வருகிறது. தனி பில்லாக வரும், இலவசமாக வரும், ஆராய்ச்சியாக வரும். எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து நம் உரிமை மாறும்.

பில்லாக வந்தால் கதை நேரானது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சம்மதம் என்றால் என்ன என்று தெளிவாக எழுதிவிட்டது. ஒரு சிகிச்சை என்ன, எதற்கு, அதனால் என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, வேண்டாம் என்றால் என்ன ஆகும், இத்தனையும் போதுமான அளவு சொல்லிய பிறகு கிடைப்பதுதான் சம்மதம். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது, உயிரைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் தவிர. எக்ஸ்பேண்டருக்குப் போட்ட கையெழுத்தை லேசருக்கும் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதுதான் இதன் பொருள். லேசர் அவசரமும் இல்லை. படிக்கத் தெரியாத மொழியில் அச்சடித்த தாளில் போட்ட கையெழுத்து, புரிந்து கொடுத்த சம்மதமா என்பதை அந்த அளவுகோலால் பார்த்தால் விடை உங்களுக்கே தெரியும். அதனால் கூச்சமே வேண்டாம். "நாக்கு தெலுகு சதவடம் ராது (எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது), தமிழ்ல சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பல மருத்துவமனைகளில் தமிழ் பேசும் நர்ஸோ கம்பவுண்டரோ ஒருவர் இருப்பார். தாளைப் படித்துக்காட்டி அதைத் தமிழில் சொல்லச் சொல்வது உங்கள் உரிமை, யாரும் செய்யும் சலுகை இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நம் பக்கம்தான். தெரிந்தே முக்கியமான தகவலைச் சொல்லாமல் மறைப்பதை அது சேவைக் குறைபாடு என்கிறது. பில் கொடுக்க மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. அதனால் 'பேக்கேஜ்' என்று ஒரே எண்ணைச் சொன்னாலும் எக்ஸ்பேண்டருக்கு எவ்வளவு, லேசருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பில் கேளுங்கள். மிஷின் வாங்கிய கடனை யாராவது அடைக்க வேண்டும் என்பது மருத்துவமனையின் கவலை, உங்களுடையது இல்லை.

இலவசம் என்றால்? வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கண்ணாடி போடுகிறார்களா, எத்தனை தடவை திருப்பதிக்கு வரவேண்டும் என்று மட்டும் பாருங்கள். பிரேசில் ஆய்வில் அந்தக் குழந்தைகள் பத்துக்கும் மேற்பட்ட தடவை லேசருக்கு வந்தார்கள். நகரியிலிருந்து பத்து தடவை பஸ் ஏறுவதும் பள்ளிக்கு லீவு போடுவதும் இலவசமில்லை.

மூன்றாவது வழி ஆராய்ச்சி. இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மக்களுக்கு மிகக் குறைவாகத் தெரிவது இதுதான். திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடப்பாவில் அரசு பல் மருத்துவக் கல்லூரி, சித்தூரிலிருந்து முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி., சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, அதற்கப்பால் பல தனியார் கல்லூரிகள். மேல்படிப்பு படிக்கும் மாணவர்கள் ஆய்வு எழுதியாக வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் அது இயல்பு. குழந்தைகளை வைத்து ஆய்வு செய்வதில் தவறே இல்லை. அப்படித்தான் சிகிச்சைகள் மேம்படுகின்றன. ஆனால் உங்கள் குழந்தை ஆய்வில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் துல்லியமாகச் சொல்கின்றன. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது போதாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் வாய்மொழியாக, பன்னிரண்டுக்கு மேல் எழுத்தில். குழந்தை மாட்டேன் என்றால் அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆய்வைப் பற்றிய தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வுக்காக மட்டும் செய்யும் லேசருக்கோ கூடுதல் எக்ஸ்ரேவுக்கோ உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

நம்மவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும் ஒரு விஷயம்: சில ஆய்வுகளில் பாதிக் குழந்தைகளுக்கு லேசர் கருவியை வாயில் வைப்பார்கள், ஸ்விட்ச் போடமாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அப்படிச் செய்வது முறையான வழிதான். ஆனால் அப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பதிவு செய்ய சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கல்லூரி பெயரைப் போட்டுத் தேடலாம். உங்கள் தகவல் தாளில் பதிவு எண் இல்லை என்றால் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். பணமும் வாங்கி, ஆய்விலும் சேர்த்துக்கொண்டால் அந்த எண்ணுக்குத்தான் முதலில் பேச வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒன்று, லேசரின் கணக்கு: என்ன அலைநீளம், எத்தனை மில்லிவாட், ஓர் இடத்தில் எத்தனை வினாடி, எத்தனை இடம், எத்தனை நாள். இவை கேஸ் ஷீட்டில் இல்லை என்றால், அளவு எழுதாத மருந்துச் சீட்டைப் போலத்தான். இரண்டு, கருவியின் பெயர். 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்கீழ் இதுபோன்ற லேசர்களும் வருகின்றன. தயாரித்தாலும் இறக்குமதி செய்தாலும் உரிமம் வேண்டும், லேபிளில் உரிம எண் இருக்க வேண்டும். மருத்துவரின் பதிவு எண்ணும் பட்டமும் பலகையில் இருக்கும். எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் படித்தவரா, குழந்தைப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'வலியே இல்லாமல், பாதி நாளில்' என்று லேசர் படத்தோடு வரும் பலகைகள் திருப்பதியில் கண்ணில் படுகின்றன. அண்ணத்தை விரித்தால் குறட்டை போகும், படுக்கையில் சிறுநீர் போவது நிற்கும், படிப்பு வரும் என்றெல்லாம் ஆசை காட்டுபவர்களும் உண்டு. வாயைத் திறந்து மூச்சு விடும் குழந்தையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். ஆதாரமில்லாத விளம்பரம் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். விளம்பரம் கொடுத்தவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது தப்பாகப் போனால்?

முதல் வேலை சண்டை இல்லை, காகிதம். கேஸ் ஷீட், எக்ஸ்ரே, பில், சம்மதத் தாள் எல்லாவற்றின் பிரதியையும் எழுத்துமூலம் கேளுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் நகலில் தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இரண்டாம் கருத்து கேட்கும் உரிமையும் இருக்கிறது. பாதியில் எக்ஸ்பேண்டரை நீங்களாகவே கழற்றிவிட வேண்டாம், அண்ணம் திரும்பிவிடும்.

பல் மருத்துவரின் நடத்தை பற்றி ஆந்திரப் பிரதேச பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். மருத்துவமனையின் பதிவு பற்றி என்றால், தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் 2002ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவ சுகாதார அதிகாரியிடம் போக வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதிலிருந்து புத்தூர் மருத்துவமனைக்கு அந்த அதிகாரி திருப்பதியில், நகரி மருத்துவமனைக்குச் சித்தூரில். மருத்துவமனை எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டத்தைப் பாருங்கள்.

பணம் திரும்ப வேண்டும், நஷ்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லாருக்குமே இலவசமாகச் செய்யும் இடம் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடத்தில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோர்தான். கல்லூரி மருத்துவமனைகளில் சிகிச்சை பெறுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

எல்லைப்புறத்துக்காரர்களுக்கு 2019 சட்டம் ஒரு பெரிய வசதி செய்து கொடுத்திருக்கிறது. புகார்தாரர் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். திருத்தணியிலிருந்தோ வேலூரிலிருந்தோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்து சிகிச்சை பெற்றவர், அதற்காகத் திருப்பதிக்கு நடையாய் நடக்க வேண்டாம். திருத்தணிக்காரர் திருவள்ளூரில் போடலாம், தமிழில் எழுதியே போடலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் இருப்பவர்களுக்கு அங்கங்கே மாவட்ட ஆணையம் உண்டு. நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஐம்பது லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வழக்குக்கு முன் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆசை காட்டியவனாகிவிடுவேன். விளைவு சரியாக வரவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் எடுக்கும் கவனத்தை எடுத்தாரா என்றுதான் பார்ப்பார்கள். ஸ்க்ரூவை வீட்டில் திருப்ப மறந்தது நாம் என்றால் வழக்கு நிற்காது. திருப்பிய தேதியும் நேரமும் குறித்த நோட்டு இருக்கிறதா என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பார். தங்கை வீட்டில் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு புள்ளி வைத்திருந்தாள். அதுவே போதும்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் அந்த மருத்துவமனைக்குப் போனோம். தங்கையே பேசினாள். தெலுங்கில் ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "லேசரு போடலன்னா இன்னா ஆவும் டாக்டர்?"

மருத்துவர் நல்லவர். கோபப்படவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா. கம்பியை முழுசா ஆறு மாசம் கழட்டாம வெச்சிருக்கணும், அவ்வளவுதான். போட்டா கொஞ்சம் சீக்கிரம் கழட்டலாமான்னு பார்க்கலாம்."

"கழட்டலாமா, பார்க்கலாமா?"

சிரித்தார். "பார்க்கலாம்."

லேசர் மூன்று தடவை முடிந்திருந்தது. மீதி ஐந்துக்கான தொகையைக் கழித்துப் புது பில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மூன்று தடவையும் குழந்தைக்குக் கண்ணாடி போட்டார்களா என்று தங்கையிடம் கேட்டேன். டாக்டர் போட்டிருந்தார் என்றாள். அவளுக்கும் குழந்தைக்கும் யாரும் கொடுக்கவில்லை.

ஸ்க்ரூவைப் பூட்டி இரண்டு மாதம் ஆகிறது. சாவியை நூலோடு சுருட்டி காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறாள். முன்பல் சந்து பாதியாகிவிட்டது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது, கம்பி வாயிலேயே இருக்கிறது.